சிஎல் இருக்கு, ஆனா எம்ப்ரியோ வைக்கலாமா? ரிசிபியன்ட் மாட்டோட ஓவரி பாக்கும்போது வர்ற சந்தேகங்களும் தீர்க்கிற வழியும்

வேற மாட்டோட எம்ப்ரியோவை, அதாவது கருவை, வாங்கிச் சுமக்கப் போற மாடுதான் ரிசிபியன்ட். வைக்கறதுக்கு முன்னாடி மலக்குடல் வழியா கை விட்டு, ஓவரில, அதாவது சினைப்பைல, முட்டை வெடிச்ச இடத்துல வளர்ற சிஎல்ங்கிற கட்டி இருக்கான்னு பாப்போம். கை உள்ள இருக்கும், விரல் நுனியில ஏதோ ஒண்ணு தட்டுப்படும், வெளிய வாலைப் புடிச்சிட்டு நிக்கிறவரு "தேறுமா சார், உருக்கிடவா"னு கேப்பாரு. எம்ப்ரியோவை உறைய வெச்ச ஸ்ட்ராவை திரவ நைட்ரஜன்ல இருந்து எடுத்து உருக்கிட்டா திரும்ப உள்ள வைக்க முடியாது, அதனால அந்த நிமிஷத்துல சொல்ற பதில்தான் எல்லாமே, புதுசா வர்றவங்க தடுமாறுறதும் அங்கதான். சிலபேர் பயந்துபோய் நல்ல மாட்டையெல்லாம் ஒதுக்கிடுவாங்க, சிலபேர் சிஎல்னு ஏதோ தட்டுப்பட்டாலே போதும்னு வெச்சிடுவாங்க. ரெண்டுமே நஷ்டம்தான், ஆனா ரெண்டாவது பெரிய நஷ்டம், எம்ப்ரியோவும் போச்சு, அந்த மாடு சினையில்லன்னு தெரியறதுக்குள்ள மாசமும் ஓடிப்போச்சு.

இத்தனை வருஷம் கை விட்டுப் பாத்ததுல நான் புடிச்சுக்கிட்டது இதுதான்: சிஎல் எவ்ளோ பெருசுங்கிறத விட, கைக்குத் தெரியுறதும் நோட்டுல எழுதியிருக்குற தேதியும் ஒத்துப்போகுதாங்கிறதுதான் முக்கியம். கீழ சொல்றது எல்லாமே அந்த ஒரு கேள்வியைத்தான் சுத்தி வரும்.

நார்மல் எப்படி இருக்கும்

ஹீட்ல, அதாவது சினைப்பருவத்துல, வேற மாடு மேல ஏறும்போது மாடு நின்னு கொடுத்த நாளை 0னு வெச்சுக்கங்க. ஹீட் ஆரம்பிச்சு சுமாரா 28 மணி நேரத்துல முட்டை வெளிய வரும், அது வெடிச்ச இடத்துலதான் சிஎல்ங்கிற கார்பஸ் லூட்டியம் வளரும். எம்ப்ரியோ வைக்கிறது 7ஆம் நாள், 6ல இருந்து 8 வரைக்கும் ஓகே, எம்ப்ரியோவோட வயசுக்கும் மாட்டோட நாளுக்கும் நடுவுல ஒரு நாளுக்கு மேல வித்தியாசம் வரக்கூடாது.

அந்த 7ஆம் நாள்ல சிஎல் 2 செமீ பக்கம் இருக்கும், அமுக்கினா ஈரல் பதம், ஓவரி மேல ஒரு குமிழ் மாதிரி தலை நீட்டிக்கிட்டு இருக்கும், அந்தத் தலைக்கும் ஓவரிக்கும் நடுவுல கழுத்து மாதிரி ஒரு பள்ளம் விரலுக்குத் தெரியும். கர்ப்பப்பை தளர்வா, கையில மடிஞ்சு கிடக்கும். வெளிய வழும்பு எதுவும் இருக்காது, பிறப்புறுப்பு சுருங்கி உலர்ந்து இருக்கும்.

பாக்குற வரிசையை மாத்தாதீங்க: முதல்ல வால் அடி, அப்புறம் கர்ப்பப்பை, கடைசியாத்தான் ஓவரி. நேரா ஓவரிக்குப் போனா சிஎல் கிடைச்ச சந்தோஷத்துல மத்ததெல்லாம் மறந்துரும், நானே மறந்திருக்கேன்.

"ஓவரியே கைக்குச் சிக்கல"

பாதி நேரம் பிரச்சனை ஓவரில இல்ல, குடல்ல. மலக்குடல் காத்து புடிச்சு பலூன் மாதிரி விறைச்சுட்டா அதுக்குள்ள கைய எவ்ளோ ஆட்டினாலும் ஒண்ணும் தெரியாது. அப்ப கைய முன்னாடி கொண்டுபோய், சுருங்கி வளையம் மாதிரி இருக்குற இடத்துல ஒரு விரலைக் கொக்கி மாதிரி போட்டு மெதுவா பின்னால இழுங்க, காத்து போய் குடல் தளர்ந்துரும். மாடு விடாம முக்குதுன்னா நிறுத்துங்க, அவசரப்பட்டா குடல் கிழியும். எப்படியும் வைக்கும்போது வால் அடில 2 சதவீத லிக்னோகெய்ன் 5 மிலி போடத்தான் போறோம், அடம் புடிக்கிற மாட்டுக்கு அத முன்னாடியே போட்டுக்கிட்டா பாக்குறதும் சுலபம்.

அதுக்கப்புறமும் கிடைக்கலன்னா சர்விக்ஸை, அதாவது கர்ப்பப்பை வாயைப் புடிச்சுக்கங்க, அங்க இருந்து முன்னால போனா கர்ப்பப்பைக் கொம்பு ரெண்டா பிரியுற இடம் வரும், ஒரு கொம்பை அதோட வளைவுலயே தொடர்ந்து போங்க, ஓவரி பக்கவாட்டுல கொஞ்சம் கீழ கிடக்கும், சில சமயம் அகன்ற தசைநாருக்கு அடியில போய் ஒளிஞ்சிருக்கும், விரலை அடியில விட்டுத் தூக்குனா வந்துரும். கிடேரில எல்லாமே சின்னது, இடுப்பு எலும்புக்குள்ளயே கிடக்கும், ரொம்ப முன்னாடி போய்த் தேடுறதுதான் பலபேர் பண்ற தப்பு.

கிடேரில ஓவரி பக்கமே ஒண்ணும் இல்ல, கர்ப்பப்பையும் நூல் மாதிரி இருக்குன்னா அது காளைக்கன்னோட இரட்டையா பிறந்ததான்னு கேளுங்க. அப்படிப் பிறந்த பொட்டைக்கன்னுல பத்துல ஒம்பதுக்கு மேல மலட்டுதான், அதுக்கு ஊசி எதுவும் வேலை செய்யாது.

"ரெண்டு ஓவரியும் பாத்தாச்சு, சிஎல் இல்ல"

முதல் கேள்வி, ரெண்டையும் நிஜமாவே பாத்தீங்களா? முட்டை வலது பக்கம் வெடிக்கிறதுதான் ஜாஸ்தி, பத்துல ஆறு தடவை பக்கம் வலதுதான், அதனால கை பழகினவங்க வலதைப் பாத்துட்டு இடதை ஒரு தடவு தடவிட்டு வந்துருவாங்க. இடது பக்கம் வயித்துக்குள்ள அசைபோடுற பை வேற அடைச்சுக்கிட்டு நிக்கும். இடதை இன்னொரு தடவை நிதானமா பாருங்க.

ரெண்டாவது, சிஎல் உள்ளயே புதைஞ்சு இருக்கலாம். எல்லா சிஎல்லும் தலை நீட்டாது. அதுலயும் திமில் இருக்குற நாட்டு இனங்கள்ல சிஎல் சின்னது, பாதி நேரம் உள்ளயே உக்காந்திருக்கும், கைக்கு ஓவரி கொஞ்சம் கனமா ஒரு பக்கம் மட்டும் பெருத்த மாதிரி தெரியுமே ஒழிய தனியா கட்டி தெரியாது. இங்க ஸ்கேன் இல்லாம முடிவு சொல்றது லாட்டரிதான். ஸ்கேன் ப்ரோப்பை வெச்சா முட்டை வளர்ற நீர்ப்பையான ஃபாலிக்கிள் கருப்பா தெரியும், சிஎல் சாம்பல் நிறத்துல மணல் மணலா தெரியும், ஒருதடவை பாத்துட்டா மறக்காது.

ஸ்கேன்லயும் இல்லன்னா மூணுல ஒண்ணுதான். ஓவரி ரெண்டும் சின்னதா வழவழன்னு இருந்தா மாடு இன்னும் சுழற்சிக்கே வரல, கன்னு போட்டு 60 நாள் ஆச்சா, உடம்பு எலும்பு தெரிய இருக்கான்னு பாருங்க, அஞ்சு மார்க் ஸ்கேல்ல 2.5க்குக் கீழ இருந்தா ஊசியைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி தீவனத்தைப் பத்தி யோசிங்க. ஒரு பெரிய ஃபாலிக்கிள், கர்ப்பப்பை விறைப்பு, கண்ணாடி மாதிரி வழும்பு, இது மூணும் சேர்ந்து இருந்தா மாடு இன்னைக்குத்தான் ஹீட்ல இருக்கு, நோட்டுல இருக்குற தேதி தப்பு, அதை அடிச்சிட்டு இன்னைய தேதியை 0னு எழுதுங்க, அடுத்த வாரம் இதே மாடு உங்களுக்கு உதவும். மூணாவது, ஹீட்டைக் காட்டிட்டு முட்டை விடாம போனது, அதுக்கு இந்த ரவுண்டுல ஒண்ணும் செய்ய முடியாது.

"சிஎல் இருக்கு, ஆனா கொழகொழன்னு இருக்கு"

நான் ஏமாந்த இடம் இது. ஒரு கிடேரி, நோட்டுல 7ஆம் நாள்னு இருக்கு, வலது ஓவரில கட்டியும் தட்டுப்பட்டுச்சு, சின்னதாத்தான் இருந்துச்சு, கிடேரிதானே அப்படித்தான் இருக்கும்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிட்டு வெச்சிட்டேன். கைய வெளிய எடுத்து க்ளவுஸைக் கழட்டும்போதுதான் வாலோட அடிப்பக்கம் முடியில காய்ஞ்ச ரத்தம் ஒட்டியிருந்ததைப் பாத்தேன். ஹீட் முடிஞ்சு ரெண்டாம் நாள் மூணாம் நாள் பக்கம் கர்ப்பப்பைல இருந்து லேசா ரத்தம் தட்டும், கிடேரில ரொம்பவே சாதாரணம். ஏழு நாள் ஆன மாட்டுக்கு அந்தக் கறை ஏறக்குறைய கழுவிப் போயிருக்கணும், இது நேத்து வந்த மாதிரி இருந்துச்சு. விசாரிச்சா ஒரே மாதிரி நிறத்துல ரெண்டு கிடேரி, ஹீட் எழுதுனவரு மாத்தி எழுதிட்டாரு. 3ஆம் நாள் கர்ப்பப்பைக்குள்ள 7 நாள் எம்ப்ரியோவைக் கொண்டுபோய் வெச்சிருக்கேன், எப்படிப் பிழைக்கும்.

அதனால மெத்துன்னு, ஓரம் தெளிவில்லாம, அமுக்கினா விட்டுக்கொடுக்குற மாதிரி சிஎல் இருந்தா அது 1ல இருந்து 4 நாளுக்குள்ள இருக்குற பிஞ்சு சிஎல். கூடவே கர்ப்பப்பைல இன்னும் கொஞ்சம் விறைப்பு இருந்தா சந்தேகமே வேண்டாம். வைக்காதீங்க. நிராகரிக்கவும் வேண்டாம், மூணு நாலு நாள் கழிச்சு வேற எம்ப்ரியோ இருந்தா அதுக்கு வெச்சுக்கலாம். "பிஜி போட்டுத் திரும்ப ஹீட்டுக்குக் கொண்டு வந்துடலாமே"னு சிலர் கேப்பாங்க, பிஜிங்கிறது சிஎல்லைக் கரைக்கிற ப்ராஸ்டாக்ளாண்டின் ஊசி, 5 நாள் ஆகாத சிஎல் அதுக்கு அசையாது, ஊசிதான் வேஸ்ட்.

"சிஎல்லுக்கு நடுவுல தண்ணி இருக்கு"

ஸ்கேன் வாங்கின புதுசுல எல்லாரும் பயப்படுற விஷயம் இது. சாம்பல் வளையம், நடுவுல கருப்பு ஓட்டை. பாத்த உடனே சிஸ்ட்டு, நீர்க்கட்டினு சொல்லி மாட்டை வெளிய அனுப்பிடுவாங்க. அய்யோ வேண்டாம். இந்த நாள்ல இருக்குற சிஎல்ல நிறைய இப்படி நடுவுல குழியோடதான் இருக்கும், அது சினையைக் காக்குற ஹார்மோனான ப்ரோஜெஸ்டிரானை நல்லாவே சுரக்கும், சினை பிடிக்கிறதும் குறையாது, நாள் ஆக ஆக அந்தக் குழி தானா சுருங்கிடும்.

நிஜமான லூட்டியல் சிஸ்ட் வேற மாதிரி. அதுல தண்ணிதான் ஜாஸ்தி, திசு கம்மி, மொத்தம் 25 மிமீக்கு மேல, சுவர் 3 மிமீக்கு மேல இருந்தாலும் ஒரு தோல் மாதிரி மெல்லிசா சுத்தி ஓடும். குழி உள்ள சிஎல்ல அந்தச் சாம்பல் பட்டை தடிமனா, நல்ல சதையா இருக்கும். கையிலயும் வித்தியாசம் தெரியும், சிஎல்லுக்குத் தலை உண்டு, சிஸ்ட் உருண்டையா வழுக்கும். இன்னும் சந்தேகம்னா தேதியைப் பாருங்க, 7 நாள் முன்னாடி நின்னு கொடுத்ததை நம்பகமான ஆள் பாத்திருந்தா அது சிஎல்தான். கலர் டாப்ளர் இருந்தா சிஎல்லைச் சுத்தி ரத்த ஓட்டம் சிவப்பும் நீலமுமா ஓடுறது தெரியும், வேலை செய்யுற சிஎல்னு அதுலயே உறுதி ஆயிடும், ஆனா டாப்ளர் இல்லன்னு யாரும் கவலைப்பட வேண்டாம்.

"சிஎல் கூடவே பெரிய ஃபாலிக்கிளும் இருக்கு"

இருக்கத்தான் செய்யும். ஹீட் முடிஞ்ச உடனே ஃபாலிக்கிள்களோட முதல் அலை கிளம்பும், 7ஆம் நாள் பக்கம் அதுல ஒண்ணு 10ல இருந்து 15 மிமீ வரைக்கும் வளர்ந்து நிக்கும், சிஎல் இருக்குற வரைக்கும் அது வெடிக்காது, தானா கரைஞ்சு அடுத்த அலை வரும். சொல்லப்போனா சிஎல்லும் ஃபாலிக்கிளும் சேர்ந்து இருக்குறது தேதி சரிங்கிறதுக்கு ஒரு சாட்சி. தாராளமா வைங்க.

"பெரிய கொப்புளம், சிஎல்லே இல்ல"

25 மிமீக்கு மேல, சுவர் ரொம்ப மெல்லிசு, ரெண்டு ஓவரிலயும் சிஎல் இல்ல, பத்து நாள் கழிச்சுப் பாத்தாலும் அப்படியே இருக்கு, அப்ப ஃபாலிக்குலர் சிஸ்ட். இந்த ரவுண்டு இல்ல. முட்டையை வெடிக்க வைக்கிற ஜிஎன்ஆர்எச் ஹார்மோன் ஊசி போட்டோ, ப்ரோஜெஸ்டிரான் கருவியைப் பிறப்புறுப்புக்குள்ள வெச்சோ சரி பண்ணிட்டு சுழற்சிக்கு வந்த அப்புறம் பாருங்க. கையால நசுக்கி உடைக்கிற பழைய பழக்கம் இன்னும் சில இடத்துல இருக்கு, அதைப் பண்ணாதீங்க, உடைக்கும்போது கசியுற ரத்தத்துல ஓவரி சுத்தி இருக்குறதோட ஒட்டிக்கும், அப்புறம் அந்தப் பக்கம் காலத்துக்கும் பிரயோஜனம் இல்லாம போயிடும்.

கொப்புளம் ஓவரிமேல இல்லாம பக்கத்துல முட்டைக்குழாய் ஓரமா தனியா தொங்குதுன்னா அது ஓவரியோட சேர்த்தியே இல்ல, விட்டுடுங்க.

"சிஎல் சின்னதா இருக்கே"

எவ்ளோ சின்னது? கிடேரியா, நாட்டு இனமா, கலப்பினப் பசுவா? நாட்டு இனத்துல ஒன்றரை செமீ தாண்டி, கெட்டியா, ஓரம் தெளிவா இருந்தா நான் வைப்பேன். ஹீட் பாத்து தேதி உறுதியா இருக்குற மாடுகள்ல சிஎல்லை ஏ கிரேடு பி கிரேடுனு கையால பிரிச்சு வெச்சுப் பாத்தும் சினை பிடிக்கிறதுல பெரிய வித்தியாசம் வரலன்னுதான் பல கள ஆய்வுகள் சொல்லுது, என் அனுபவமும் அதேதான். ஹீட்டே பாக்காம ஹார்மோன் ஊசி நாளை மட்டும் நம்பி வைக்கிற மாட்டுல மட்டும் நான் சைஸ் விஷயத்துல கறாரா இருப்பேன், ஏன்னா அங்க சைஸைத் தவிர நமக்கு வேற சாட்சி இல்ல. அந்த மாதிரி ப்ரோட்டோகால்ல ப்ரோஜெஸ்டிரான் கருவியை எடுக்குற அன்னைக்கு இசிஜிங்கிற ஹார்மோன் ஊசி 400 யூனிட் சேர்க்கிறதே ஃபாலிக்கிள் பெருசாகி சிஎல்லும் நல்லா வரணும்னுதான்.

ஊசி போட்டு எல்லா மாட்டையும் ஒரே நாள்ல முட்டை விட வைக்கிற ஓவ்சிங்க் முறை பண்றவங்களுக்கு ஒரு கணக்கு: முதல் ஜிஎன்ஆர்எச் அன்னைக்கு ஆரம்பம், 7ஆம் நாள் பிஜி, 9ஆம் நாள் ரெண்டாவது ஜிஎன்ஆர்எச், அந்த ரெண்டாவது ஊசியைத்தான் ஹீட் நாளா எடுத்துக்கணும், 16ஆம் நாள் எம்ப்ரியோ. பிஜி போட்ட நாள்ல இருந்து ஏழு எண்ணிட்டு 14ஆம் நாளே வந்து நின்ன ஆளை நான் பாத்திருக்கேன், "எல்லா மாட்டுலயும் சிஎல் பிஞ்சா இருக்கு சார்"னு ஒரே புலம்பல்.

"அருமையான சிஎல், ஆனா ஹீட் எப்பன்னு யாருக்கும் தெரியாது"

இந்த மாட்டுல வைக்காதீங்க, எவ்ளோ ஆசையா இருந்தாலும். 7ஆம் நாள் சிஎல்லுக்கும் 12ஆம் நாள் சிஎல்லுக்கும் கைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஸ்கேன்லயும் ரத்தப் பரிசோதனைலயும் அப்படித்தான், ப்ரோஜெஸ்டிரான் மில்லிக்கு 1 நானோகிராமுக்கு மேல இருக்குன்னு வந்தா சிஎல் வேலை செய்யுதுன்னு அர்த்தம், அது எத்தனாவது நாள்னு அந்த எண் சொல்லாது.

அதைவிட முக்கியம், மாடு ஏற்கனவே சினையா இருக்கலாம். பிஜி போடலாம்னு கை ஊசிக்குப் போறதுக்கு முன்னாடி கர்ப்பப்பையை முழுசா பாருங்க, சினையா இருந்து பிஜி போட்டா கன்னு போச்சு. 30 நாளுக்குக் குறைவான சினை கைக்குத் தெரியாது, கடைசியா சினை ஊசி போட்ட தேதி, காளை கூட மேஞ்ச கதை, எல்லாம் கேளுங்க, சந்தேகம் இருந்தா சில வாரம் பொறுத்து ஸ்கேன் பண்ணிட்டு போடுங்க. காலி மாடுன்னு உறுதியானா பிஜி போட்டு 2ல இருந்து 5 நாளுக்குள்ள ஹீட் வரும், அந்தத் தேதியில இருந்து புதுசா எண்ணுங்க.

"சிஎல் நல்லாருக்கு, கர்ப்பப்பைதான் கனமா இருக்கு"

ஒண்ணு சினையா இருக்கும், இல்ல சீழா இருக்கும். உள்ள சீழ் கட்டி நிக்கும்போது சிஎல் கரையாம அப்படியே உக்காந்துக்கும், அதனால ஓவரி மட்டும் பாத்தா "சூப்பர் ரிசிபியன்ட்"னு தோணும். ஸ்கேன்ல கருப்புத் தண்ணிக்குள்ள வெள்ளைத் துகள் மிதக்கும், கொம்பை விரலுக்கு நடுவுல வெச்சு நழுவ விட்டா சினையில வர்ற அந்தச் சவ்வு நழுவுற உணர்வு இருக்காது. வரிசையில கர்ப்பப்பையை முன்னாடி வைங்கன்னு சொன்னது இதுக்கும் சேர்த்துத்தான்.

"எந்தப் பக்கம்னு குழம்பிடுச்சு"

எம்ப்ரியோ சிஎல் இருக்குற பக்கத்துக் கொம்புலதான் போகணும், எதிர்ப்பக்கம் வெச்சா சினை பிடிக்கிறது குறையும். காலையில ஒருத்தர் பாத்து மத்தியானம் இன்னொருத்தர் வைக்கிற இடத்துல இது ரொம்ப நடக்கும், "வலது"னு சொன்னது மாட்டோட வலதா, பின்னால நிக்கிறவரோட வலதான்னு கேட்டா ரெண்டும் ஒண்ணுதான், ஆனா முன்னால நின்னு நோட்டு எழுதுறவருக்கு அது தலைகீழ். பாத்த உடனே அந்தப் பக்கத்து இடுப்புமேலயே க்ரேயான்ல ஒரு கோடு போட்டுடுங்க. ரெண்டு பக்கமும் சிஎல் இருந்தா நல்லதுதான், எது பெருசோ அந்தப் பக்கம் வைங்க. ஓவரி அசையாம ஒட்டிக்கிட்டு இருந்தாலும் அதுல சிஎல் இருந்து தேதி பொருந்தினா வைக்கலாம், நமக்குக் குழாய் வழியா முட்டை வரவேண்டிய அவசியம் இல்லையே, கொம்பை மெதுவா நீட்ட முடியுதான்னு மட்டும் பாத்துக்கங்க.

"எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, திரும்ப ஹீட்டுக்கு வந்துடுச்சு"

இங்க ஒரு தேதியைக் கண்டிப்பா எழுதி வைங்க: வெச்ச நாள்ல இருந்து எத்தனை நாள்ல திரும்புச்சு. சுழற்சி 21 நாள், நாம வெச்சது 7ஆம் நாள், அப்ப 14 நாள் பக்கம் திரும்பினா நம்ம ஓவரி கணக்கு சரி, எம்ப்ரியோவோ வெச்ச விதமோதான் பிரச்சனை. அஞ்சாறு நாள்லயே திரும்பினா நாம பாத்தது பழைய சிஎல், கரையப் போற நேரத்துல வெச்சிருக்கோம். 18 நாள் பக்கம்னா பிஞ்சு சிஎல்ல வெச்சிருக்கோம், என் கிடேரி சரியா அப்படித்தான் 18ஆம் நாள் கத்திக்கிட்டு நின்னுச்சு. 25 நாள் தாண்டி வந்தா எம்ப்ரியோ கொஞ்ச நாள் உள்ள உயிரோட இருந்து, ஹீட்ல இருந்து எண்ணி 16ஆம் நாள் பக்கம் சிஎல்லைக் கரைய விடாம தடுத்துட்டு, அப்புறம் செத்திருக்கு, அதுக்கு ஓவரியைக் குத்தம் சொல்ல முடியாது. பத்து மாட்டுக்கு இப்படி எழுதி வெச்சீங்கன்னா உங்க கை எந்தப் பக்கம் தப்பு பண்ணுது, பிஞ்சை முத்தல்னு நினைக்குதா முத்தலைப் பிஞ்சுன்னு நினைக்குதான்னு நோட்டே காட்டிக் கொடுத்துரும்.